காதின் நிறம்

இருமக் கூடாது என்று நினைத்த மாத்திரத்தில் ஆவுடையின் தொண்டைக்குள் ஒரு நமைச்சல் எழுந்தது. எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். அந்தச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. முழங்காலோடு முழங்கால் இடிக்கும்படி பக்கத்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த திரவியம் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையை மட்டும் கொஞ்சம் தூக்கி, காற்றை மெதுவாகக் கீழே அமுக்கி, மறுபடி தொடைமேல் வைத்துக்கொண்டார். சத்தம் வேண்டாம் என்று அர்த்தம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. சொந்தக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லியே அவளை வாயடைத்துவிட்டார்கள், கொடுத்துவைத்தவ, தங்கமான மனுஷன், கோபம்னா என்னன்னே தெரியாது. தெரியாதுதான். கை ஒன்று இப்படி எழும்பி இறங்கும். அவ்வளவுதான். அவள் சொல்ல வந்தது எதுவோ அது வந்த வழியே திரும்பிப் போய்விடும். இன்றைக்கு இருமல். நேற்று வேறொன்று. நேற்று அந்த ஓட்டு வீட்டின் வாசலில் நின்றுகொண்டு, அத்தான், எனக்கு இந்த இடம் என்று அவள் ஆரம்பித்தபோது, கை எழும்பி இறங்கியது, ஏதோ குருவி கத்துகிறதாம், கேளு என்றார். கேட்டாள். குருவி கத்தி முடித்தபோது எஸ்டேட்காரர் குரியன் சாவியோடு வந்துவிட்டார். வாக்கியத்தின் மிச்சம் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. பச்சைத் துணிக் கூடாரம், ரெண்டு பேர் உட்காரலாம், ஒருவர் கை நீட்ட முடியாது. முன்னால் ஒரு சாண் அகலத்தில் நீளமாக ஒரு திறப்பு, அதில் ஓடை, ஓடைக்கு மேல் வளைந்த ஒரு கிளை. பின்னால் ஜிப்பு. துணியில் ஈர வாடை, அவர் முழங்காலுக்குப் பூசியிருந்த தைலத்தின் வாடை, ரெண்டு பேர் மூச்சின் வாடை. விடிந்ததிலிருந்து இதற்குள்தான்.

எல்லாம் ஒரு பறவைக்காக. பறவைகூட இல்லை, பறவையின் காதுக்காக. செங்கோட்டை தாண்டி மேற்கே மலையடிவாரத்துக்குள் ஜீப் குலுங்கி ஏறிய வழி நெடுக அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். "சிறு மீன்கொத்தி நம்ம பாளையங்கால்வாய்லயே கெடக்கு, நீயே பாத்திருக்க. சிட்டுக்குருவியவிடக் கொஞ்சம் பெருசு, முதுகு நீலம், வயிறு ஆரஞ்சு. கண்ணுக்குப் பின்னால, காது இருக்கப்பட்ட இடத்துல, ஒரு ஆரஞ்சுப் பட்டை. நீலக்காது மீன்கொத்திக்கு அந்த இடத்துலயும் நீலம். அவ்வளவுதான் வித்தியாசம், கேட்டியா. முதுகை நம்பாத. நிழல்ல எல்லாமே கருநீலமாத்தான் தெரியும். காதைப் பாரு." போன மழைக்காலத்தில் இந்த ஓடையில் அவர் அதைப் பார்த்தாராம். ஒரு விநாடி. பறவை பார்க்கிறவர்களின் குழுவில் சொன்னபோது அவர்கள் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை, சாதாரணச் சிறு மீன்கொத்தியாக இருக்கும் சார், வெளிச்சம் ஏமாற்றியிருக்கும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு அந்த ஓடைதான் ஊர். ஓடைக்கு மேலே ஒரு ஓட்டு வீடும் கொஞ்சம் தோட்டமும் விலைக்கு வந்தபோது, பாளையங்கோட்டை வீட்டைக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடலாம் என்று ஆரம்பித்தார். காலையில் காப்பியோடு, ராத்திரி மாத்திரையோடு, அதே பேச்சு, அதே மெல்லிய குரல். ஒருநாள் தன் தையல் கடையிலிருந்து இடுப்பு ஒடிய வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள், இந்தப் பேச்சு ஒரு தடவையாவது நின்றால் போதும் என்று, "அந்தப் பறவை நெசமாவே அங்க இருந்தா வாங்குங்க அத்தான், நானும் வாரேன்" என்றுவிட்டாள். நிலாவைப் பிடித்துத் தருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்வதில்லையா, அப்படி. அவர் அதை வார்த்தை என்று எடுத்துக்கொண்டார். பத்திரிகை அடிக்காத குறைதான். மத்தியானம் குரியனுக்குப் பதில் சொல்ல வேண்டும். தன் கழுத்துக்குத் தானே நூல் அளந்து கொடுத்த மாதிரி, அவள் இப்போது அந்தக் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வராதே. வந்தாலும் வேறு ஏதாவதாக வா. கொக்காக வா. காக்கையாக வா.

அடிவயிறு முட்டியது. விடியற்காலையில் எஸ்டேட் விடுதியில் கொடுத்த காப்பியைக் குடித்திருக்கக் கூடாது. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்த வாய்க்கு நன்றாக வேண்டும். எதிரே ஓடை வேறு விடாமல் சலசலவென்று ஊற்றிக்கொண்டே இருந்தது. ஓடைச் சத்தத்தைக் கேட்காமல் இருக்க ஏதாவது யோசிக்க வேண்டும். தொடைகளை இறுக்கிக்கொண்டாள். எழுந்து வெளியே போனால் பறவை இந்தப் பக்கமே வராது, நமக்கு இன்றைக்கு ஒருநாள்தான் இருக்கிறது என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். நமக்கு. அந்த வார்த்தையில் வந்து மனசு மறுபடி மாட்டிக்கொண்டது. பிடித்தது, பிடிக்காதது எதையும் அவர் நான் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. நமக்குப் பாகற்காய் ஆகாது. நமக்குக் கூட்டம் சரிப்படாது. நம்ம ரெண்டு பேருக்கும் மலைக்காற்றுதான் ஒத்துக்கொள்ளும். முதல் வருஷம் அது தேனாக இருந்தது, யாராவது ஒருத்தர் தன்னையும் சேர்த்துக்கொண்டு பேசுகிறாரே என்று. பிறகுதான் பார்த்தாள், நாம் என்று அவர் சொல்கிற இடத்தில் அவர் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறார், அவளுக்கு விளிம்பில்கூட இடமில்லை, இந்த நாற்காலி மாதிரி. பாகற்காய் அவளுக்கு உயிர். அம்மா வீட்டுக்குப் போகும்போது தின்பாள், அம்மா போனபிறகு அதுவும் போயிற்று. கடையில் கூடத் தைக்கிற பிலோமினா டிபன் பாக்ஸில் கொண்டுவந்தால் அவளுடைய பங்கையும் சேர்த்துத் தின்பாள். இங்கே வந்துவிட்டால் யார் கொண்டுவருவார்கள்? நேற்று அந்த ஓட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது கண் பழகச் சற்று நேரம் பிடித்தது, பகலிலேயே அவ்வளவு இருட்டு. சுவரில் கைவைத்தாள், சுவர் அவள் உள்ளங்கையை ஈரமாக்கி அனுப்பியது. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் இலைகள், கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே பார்க்கிற ஆட்கள் மாதிரி அத்தனை இலைகள். மூச்சு விட்டால் அதுவே சுற்றி வந்து அவள் காதில் விழுந்தது. வெளியே வந்து பார்த்தால் கணுக்காலில் அட்டை, எப்போது ஏறியது என்றே தெரியாமல், வலியே இல்லாமல், குடித்துக் கொழுத்து. வலித்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் உப்பைத் தடவி எடுத்துவிட்டு, "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்றார். ஒண்ணுமில்லைதான். காலையில் அவர் பைனாகுலரை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார். அவள் அந்த அடுக்களையில். மழை. ஒருநாள் அவள் வழுக்கி விழுவாள், கூப்பிடுவாள், அந்த இலைகள் கேட்டுக்கொண்டு நிற்கும். அல்லது அவருக்கு நெஞ்சுவலி வரும், கைபேசியைத் தூக்கிக்கொண்டு சிக்னலைத் தேடி அவள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஓடுவாள், இருட்டில், அட்டைகளோடு. ஓசூரில் இருக்கிற மகன் வந்து சேர எவ்வளவு நேரம்? நினைக்காதே. வேறு எதையாவது நினை.

கடையை நினைத்தாள். இந்நேரம் பிலோமினா ஷட்டரைத் தூக்கியிருப்பாள், அது பாதியில் சிக்கும், ஒரு உதை விடுவாள், மாதாவே என்பாள், மேலே போகும். மார்க்கெட் போகிற ரோட்டில் ஒற்றை அறை, ரெண்டு தையல் மெஷின், சுவர் முழுக்க லைனிங் துணி. பஸ் போனால் கத்தரிக்கோல் அதிரும். ஹாரன் சத்தத்தில் வாடிக்கைக்காரிகள் சொல்வது பாதிதான் கேட்கும், மீதியை முகத்தைப் பார்த்து அவள் புரிந்துகொள்வாள். இடுப்பு ஒடிகிறது, கண் எரிகிறது, எல்லாம் உண்டு. ஆனால் அந்த அறையில் அவள் ஆவுடை. அக்கா, இந்தச் சேலைக்கு எந்த நீலம் அக்கா என்று கேட்டால், எத்தனை நீலம் இருக்கிறது, மயில் கழுத்து நீலம், மயில்துத்த நீலம், இங்க் நீலம், நாவற்பழத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிற ஒரு நீலம், அதில் எது என்று அவள் சொல்ல வேண்டும், சொன்னால் அதுதான். டியூப் லைட்டில் வைத்து அவள் துணி வெட்டியதே கிடையாது. டியூப் லைட் பொய் சொல்லும். சேலையையும் துணியையும் எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வருவாள், வெயிலில் விரித்துக் காட்டுவாள். ஒருத்தி, சும்மா சேர்கிறது என்று சொல்லி வெட்டிக் கொடு அக்கா, எனக்கு அவசரம் என்றபோதுகூட, சேராததைச் சேர்கிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை. கோபித்துக்கொண்டு போனவள் மறுநாள் வந்தாள். அந்தக் கடையை என்ன செய்வது என்று அவள் கேட்டபோது திரவியம், "இனிமே நமக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவர் எதை அன்பில்லாமல் சொன்னார்? ஒரு அடி அடித்திருந்தால் எதிர்த்து நின்றிருக்கலாம். இது பஞ்சு மாதிரி. எந்தப் பக்கம் தள்ளினாலும் உள்ளே வாங்கிக்கொள்கிறது.

அவர் அசைந்தார். அவள் காதருகே குனிந்து, மூச்சாகவே பேசினார்.

"ஒரு நிமிஷம் வெளியே போயிட்டு வந்துருதேன். அடக்க முடியல."

அவள் அவரையே பார்த்தாள். "நானும்..." என்றாள்.

"ரெண்டு பேரும் எந்திரிச்சா அவ்வளவுதான். நான் வந்தப்புறம் நீ போ. எனக்கு ஒரு மரம் போதும், உனக்குத்தான் மறைவு பாக்கணும்." கை எழும்பி இறங்கியது. "நீ கிளையைப் பாத்துக்கோ." பைனாகுலரைக் கழற்றி அவள் மடியில் வைத்தார். கேமரா அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டு போனது. ஜிப்பு பல் பல்லாகத் திறந்து, பல் பல்லாக மூடியது.

அவர் போன பிறகு கூடாரம் பெரிதாகும் என்று நினைத்தாள், ஆகவில்லை. காலை நீட்டினாள், காலைக் காணோம், மரத்துப்போயிருந்தது. எழுந்து ஓடிவிட்டால் என்ன? ஜிப்பைத் திறந்து, காட்டுப்பாதையில் இறங்கி, மெயின் ரோட்டுக்கு. இந்தக் காலோடா. சிரிப்பு வந்தது, சிரித்தால் வயிறு குலுங்கும், அடக்கிக்கொண்டாள். அப்போதுதான் கிளையில் ஒன்று இருந்தது. வந்ததை அவள் பார்க்கவில்லை. இல்லாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டைவிரல் பருமனில், நிழலுக்குள் கறுப்பாக. பைனாகுலரைத் தூக்கினாள். இலை, இலை, தண்ணீர், வெறும் மங்கல், சக்கரத்தை உருட்டினாள், சட்டென்று அது அவள் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தது. அம்மாடி. முதுகை நம்பாதே என்றாரே, நம்பாமல் எப்படி இருப்பது, முதுகின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு நீலக் கோடு, யாரோ இப்போதுதான் தீக்குச்சி உரசினாற்போல. நீலத்தை விடு. காதைப் பார். தலை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கழுத்தோரம் ஒரு வெள்ளைப் பொட்டு. திரும்பு. வேண்டாம், திரும்பாதே, அப்படியே போய்விடு. திரும்பியது. கண்ணுக்கு முன்னால், அலகு தொடங்குகிற இடத்தில், ஆரஞ்சு. ஆரஞ்சு! நெஞ்சு கலகலத்துப் போயிற்று. பாளையங்கால்வாய்ப் பறவைதான், சாதாரணம்தான், வெளிச்சம்தான் ஏமாற்றியிருக்கிறது, பிலோமினா, நான் வந்துவிடுகிறேன். ஆனால் கண்ணுக்கு முன்னால் இல்லை, பின்னால் என்றார். பின்னால் பார்த்தாள். நிழல். கறுப்பா, நீலமா, பழுப்பா, ஒன்றும் சொல்ல முடியாது, டியூப் லைட் மாதிரி. சொல்ல முடியாது என்றே சொல்லிவிடலாம். அது பொய்யில்லையே. அந்த விநாடியில் பறவை விழுந்தது. பறக்கவில்லை, கல் மாதிரி விழுந்தது, தண்ணீர் ஒரு தடவை வாய் திறந்து மூடியது, மறுபடி அது கிளையில். இந்தத் தடவை கிளையின் நுனியில், மரத்துக்கு நடுவே இறங்கிய வெயில் துண்டுக்குள். அலகில் வெள்ளிக் கீற்றாக ஒரு மீன். அதைக் கிளையில் அறைந்தது. இடது பக்கம், வலது பக்கம், இடது பக்கம். ஒவ்வொரு தடவை அறையும்போதும் ஒவ்வொரு காதை அவளுக்குக் காட்டியது. அவசரப்படாமல், நடைபாதையில் துணியை விரித்துக் காட்டுகிறவள் மாதிரி. நீலம். கண்ணுக்குப் பின்னால் ஆரஞ்சு ஒரு இழைகூட இல்லை. உச்சந்தலையிலிருந்து காது வழியாகக் கழுத்துவரை ஒரே நீலம், அடர்ந்த நீலம், இத்தனை வருஷத்தில் எந்தச் சேலையிலும் அவள் பார்க்காதது. இரண்டாம் தடவை பார்த்தாள். மூன்றாம் தடவையும் பார்த்தாள். மீனைத் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கிவிட்டு அது போயிற்று. கிளை மட்டும் கொஞ்ச நேரம் ஆடியது.

பைனாகுலரை மடியில் இறக்கினாள். இருக்கிறது. நிஜமாகவே இருக்கிறது. அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை, அவருக்குக் கண் மங்கவில்லை, குழுவில் அத்தனை பேரும் தப்பு, அவர் சரி. அவர் சரி என்பது அவள் தலைக்கு மேல் ஓட்டுக் கூரையாக இறங்கியது, ஈரச் சுவராக நாலு பக்கமும் எழும்பியது. இதைப் பார்த்தது யார்? இந்தக் காட்டில் அவள் மட்டும். ஆரஞ்சு என்று ஒரு வார்த்தை. சிறு மீன்கொத்திதான் அத்தான், காது ஆரஞ்சாத்தான் இருந்துச்சு. அவர் நம்புவார். அவள் கண்ணை அவர் நம்புவார், அவருடைய சட்டைத் துணியைக்கூட அவள்தான் எடுப்பாள். முகம் கொஞ்சம் வாடும், சரி என்பார், கூடாரத்தை மடிப்பார், ஜீப்பில் ஒன்றும் பேசாமல் வருவார். நாளைக்கு ஷட்டர், நாளைக்கு பஸ், நாளைக்கு ஹாரன். சொல்லிப் பார்த்தாள், உதட்டை அசைத்து மட்டும். ஆரஞ்சு. வாய் கூசியது. சேராததைச் சேர்கிறது என்று சொன்ன மாதிரி. அந்த மனுஷன் ஒருவர் இருந்து இருந்து ஒன்றே ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார், அதை இல்லை என்று சொல்ல வேண்டுமா? அப்போ நீலம் என்று சொல்லு. சொன்னால் நீ செத்தாய். ஆரஞ்சு. நீலம். ரெண்டுக்கும் நடுவில் மூச்சு நின்று நின்று வந்தது. அடிவயிறு கிழிந்துவிடும்போல இருந்தது. வெளியே சருகு நொறுங்கியது, வருகிறார். ஏன் ஆரஞ்சு, நீலம் என்று ரெண்டே ரெண்டு நூல்கண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாய், யார் கொடுத்தது இது உனக்கு என்று ஏதோ ஒன்று மனசில் லேசாகத் தட்டியது, தட்டிவிட்டு, பிடிக்கப் போவதற்குள் நழுவியது. ஜிப்பு திறந்தது.

"ஏட்டி, ஏதோ ஒண்ணு நீலமா என்னைத் தாண்டி விருட்டுன்னு போச்சே!" திரவியம் பாதி உடம்பை உள்ளே நுழைத்து, குனிந்தபடியே நின்றார். மூச்சு வாங்கியது. "வந்துச்சா? கிளைல உக்காந்துச்சா?"

"உக்காந்துச்சு."

"பாத்தியா? பைனாகுலர்ல பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையில் நரம்பு எழுந்து நின்றது. கேட்பதற்குப் பயப்படுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

"காது?"

ஓடைச் சத்தம். அவள் வாயைத் திறந்தாள். எது வரப்போகிறது என்று அவளுக்கே அப்போது தெரியாது.

"நீலம்" என்றாள்.

"நிழல்லயா?"

"வெயில்ல. மீனைப் போட்டு அறைஞ்சுச்சு, ரெண்டு பக்கமும் நல்லாக் காட்டுச்சு. ஆரஞ்சு இல்ல அத்தான். கண்ணுக்கு முன்னால மட்டும் ஒரு பொட்டு. பின்னால சுத்த நீலம்."

திரவியத்தின் முகம் என்னவோ ஆயிற்று. சிரிப்பதற்கு முன்னால் அழுவதற்கு ஒரு இடம் இருக்கிறதே, அங்கே போய் நின்றது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கு. நான் சொன்னேன்லா. இருக்கு. நமக்குன்னு எழுதியிருக்கு ஆவுடை. இறங்கினதும் குரியனைப் பாத்து முடிச்சிருவோம். இந்த மழைக்கு முன்னாலயே நாம..."

"நான் வரல அத்தான்."

கை எழும்பியது. அது இறங்குவதற்குள் அவள் மறுபடி சொன்னாள். "நீங்க வீடு வாங்குங்க, வாங்காம இருங்க. நான் இங்க இருக்க மாட்டேன்."

"பறவை இருந்தா வாரேன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். பறவை இருக்கு, அது நெசம். எனக்கு இந்த இடம் ஆகாது, அதுவும் நெசம். ஒண்ணுக்காக இன்னொண்ண மாத்திச் சொல்ல எனக்கு வரல."

அவள் குரல் கூடாரத்துக்கு வெளியேயும் கேட்டிருக்கும். எங்கோ ஒரு அணில் கீச்சிட்டு ஓய்ந்தது. எழும்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அதைக் கேமராமேல் வைத்துக்கொண்டார். கோபித்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு அங்க மூச்சு முட்டுது ஆவுடை" என்றார். "ரிட்டயர் ஆனதுலேர்ந்து. டெலிபோன் ஆபீஸ்ல இருந்த காலத்துல போன் கனெக்‌ஷனுக்குத் தெருவே என்னையத் தேடி வரும். இப்ப யாருக்கு அது வேணும்? நீ கடைக்குப் போயிருவ. நான் ஜன்னல்கிட்ட உக்காந்து ரோட்டைப் பாத்துட்டிருப்பேன். அங்க நான் எதுக்கு இருக்கேன்னே தெரியல."

"இத்தனை நாள் சொல்லலையே நீங்க."

"நீ கேக்கலையே."

கேட்கவில்லைதான். அவர் எதற்கும் ஒன்றும் சொல்லாத ஆள் என்று வைத்திருந்தாள். தனக்கு மட்டும்தான் கூடாரம் என்று நினைத்திருந்தாள். மனசு இளகியது, இளகிய உடனே பயந்தது, இப்படித்தான் ஒவ்வொரு தடவையும், பாவம் என்று ஒரு நூல் இழுக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் மறுபடி அந்த அடுக்களையில் போய் நிற்பாய். "எனக்கு இங்க முட்டுது" என்றாள். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. "முதல்ல நான் வெளிய போகணும். வழிவிடுங்க."

வெளியே வெளிச்சம் அடித்தது. கால் முழுக்க ஊசி ஊசியாகக் குத்த, நொண்டிக்கொண்டே பெரிய பாறைக்குப் பின்னால் போய்ச் சேலையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு நிம்மதியா ஒரு உடம்புக்குள் இருந்தது? யாராவது பார்த்தால் பார்க்கட்டும். அட்டை ஏறினால் ஏறட்டும். என்ன சொன்னேன், நான் என்ன சொன்னேன் அவரிடம், வரலை என்றேன், உலகம் அப்படியே இருக்கிறது, பாறை இருக்கிறது, எறும்பு போகிறது. இனி என்ன ஆகும்? அவர் தனியாக இங்கே வந்துவிட்டால்? ஜுரம் வந்தால் யார் கஞ்சி வைப்பார்கள்? வரவில்லை என்றால், அந்த ஜன்னலில் அவரை அப்படி வைத்துவிட்டு அவள் எப்படிக் கடைக்குப் போவாள்? வெளியே வந்தாயிற்று என்று நினைத்த இடத்தில் இன்னொரு கூடாரத்தின் துணி முகத்தில் இடித்தது. இடிக்கட்டும். எழுந்து, சேலையைச் சரிசெய்து, கை கழுவ ஓடைக்கு இறங்கினாள். குனிந்து ரெண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டாள். பனிக்கட்டி மாதிரி இருந்தது. அள்ளினாள்.

"அசையாத."

கூடாரத்துக்குள்ளிருந்து, மூச்சைவிடச் சற்றே பெரிய குரல். "ஆவுடை, கும்பிடுதேன், அசையாத."

தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்கினாள். எதிர்க்கிளையில், வெயிலில், அது. இவ்வளவு பக்கத்தில் அதற்குப் பைனாகுலர் வேண்டாம். அவளைக் கல் என்று நினைத்ததோ மரம் என்று நினைத்ததோ, தலையை மேலும் கீழும் ஆட்டித் தண்ணீரை அளந்துகொண்டிருந்தது. குனிந்த இடுப்பு பிடித்தது. அள்ளிய தண்ணீர் விரலிடுக்கில் சொட்டியது. அவள் நிமிர்ந்தால் போதும், போய்விடும். ஒரு கணம் அப்படி நினைத்தாள், நினைத்தது அவளுக்கே கூசவில்லை. இத்தனை வருஷம் அசையாமல் இருந்தாயிற்று, இந்த ஒரு தடவை அசைந்தால்தான் என்ன. பறவை வலது பக்கம் திரும்பியது. கூடாரத்துக்கு நேராக. உள்ளே கேமரா ஒரு தடவை சொடுக்கியது, அப்புறம் சொடுக்கவில்லை. அவர் அதைக் கீழே வைத்துவிட்டார் போலிருக்கிறது. கண்ணாலேயே பார்க்கிறார். பார்க்கட்டும். அவள் நின்றாள். யாரும் அமுக்காமல், அவளாக நின்றாள். இடுப்பு வலித்தது, வலிக்கிறது என்று தெரிந்தது, நின்றாள். கையிலிருந்த தண்ணீர் முழுக்க வடிந்து வெறும் கையாயிற்று. பறவை கொஞ்ச நேரம் ஆட்டி, அளந்து, ஏதோ தோதுப்படாமல் ஓடையோடு கீழே பறந்து திருப்பத்தில் மறைந்தது.

அவள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். திரவியம் கூடாரத்திலிருந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"நீலந்தான்" என்றார்.

"அதான் சொன்னேனே."

"ஆமா. சொன்ன." ஓடையைப் பார்த்தார், மேட்டில் மரங்களுக்கு நடுவே தெரிந்த ஓட்டுக் கூரையைப் பார்த்தார். "குரியன் காத்திட்டிருப்பார். நான் என்ன சொல்லட்டும்?"

அவர் அவளிடம் எதையாவது இப்படிக் கேட்டு, பதிலுக்கு நின்று அவள் பார்த்ததில்லை. சொல்லியிருக்கலாம். வேண்டாம்னு சொல்லுங்க என்று நாக்கு நுனிவரை வந்தது. அவருக்காகவும் அவளே சொல்லிவிட்டால் அதுவும் ஒரு நாம் ஆகிவிடும்.

"அது நீங்கதான் சொல்லணும். செங்கோட்டை பஸ்ஸுக்கு நான் போறேன். சாயந்திரம் பிலோமினா வெட்டுறதுக்கு ரெண்டு துணி இருக்கு, நான் இல்லாட்டா டியூப் லைட்லயே வெட்டிருவா." செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்தாள். "வாரதுன்னா வாங்க."

அவள் காட்டுப்பாதையில் ஏறினாள். கணுக்காலில் ஏதோ ஊர்ந்தது, குனிந்து பார்த்தாள், அட்டைதான், இன்னும் கடிக்கவில்லை, நகத்தால் சுண்டிவிட்டாள். கொஞ்சம் ஏறியதும் பின்னால் கம்பிகள் உரசுவதுபோல் கேட்டது. கூடாரத்தை மடிக்கிறாரா, மறுபடி உள்ளே நுழைந்து நாற்காலியைச் சரிசெய்கிறாரா, இல்லை ஓடை கல்லில் மோதுகிற சத்தம்தானா, அந்தத் தூரத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கால் இன்னும் முழுசாகத் தேறவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, நடந்தாள்.